பதக்கம் யாருக்கு: பயிற்சி மாணவிக்கா, பட்டத்து இளவரசிக்கா?

2024 ஜூலையில் ஸ்பெயினின் சரகோசா நகரிலுள்ள தரைப்படை அகாடமியில் ஓராண்டுப் பயிற்சியை முடித்தார் பட்டத்து இளவரசி லியோனோர். அப்போது அவருக்கு வயது 18. அவருடைய தந்தையான அரசர் ஆறாம் ஃபெலிப்பே, ‘ராணுவத் தகுதிக்கான பெருஞ்சிலுவை’ என்ற விருதை அவருக்கு அணிவித்தார். அடுத்த ஆண்டு ஜூலையில் மாரின் கடற்படைப் பள்ளியில் பயிற்சி முடிந்தபோது கடற்படையின் பெருஞ்சிலுவையும் கிடைத்தது. 2025 செப்டம்பரில் அவர் சான் ஹாவியர் விமானப்படை அகாடமியில் சேர்ந்தார்.

முழுப் பயிற்சியும் இன்னும் முடியாத ஒருவருக்குத் தளபதிகள் அணியும் விருது எப்படி வந்தது? அவர் உண்மையிலேயே நன்றாகப் பயின்றிருந்தால் அதை எப்படித் தெரிந்துகொள்வது? அரச குடும்பத்தில் பிறந்த ஒருவர் எந்த ராணுவக் கௌரவத்தையும் நேர்மையாகப் பெறவே முடியாதா? கேள்விகள் நியாயமானவை. ஆனால் செய்திகளில் பலவகை விருதுகளை ஒரே பெயரில் கலந்து பேசுவதால் குழப்பம் கூடுகிறது. ஆகவே அடிப்படையிலிருந்து தொடங்குவோம்.

ராணுவக் கௌரவம் என்பது ஒரே பொருள் அல்ல

சீருடையில் தொங்கும் பதக்கங்கள் தூரத்திலிருந்து பார்க்க ஒன்றுபோலத் தெரியும். அவை கிடைக்கும் வழிகள் நான்கு.

1. பணிப் பதக்கம். ஒரு போர்முனையில் குறிப்பிட்ட காலம் பணியாற்றிய எல்லோருக்கும் தரப்படுவது. போட்டி இல்லை, மதிப்பெண் இல்லை. 1982இல் தென் அட்லாண்டிக் பகுதியில் நடந்த ஃபாக்லாந்து போரில் பிரிட்டிஷ் இளவரசர் ஆண்ட்ரூ சீ கிங் ஹெலிகாப்டரில் துணை விமானியாகப் பறந்தார். தென் அட்லாண்டிக் பதக்கம் அவருக்கும் கிடைத்தது, அங்கே சென்ற மற்றவர்களுக்கும் கிடைத்தது. இதில் சர்ச்சைக்கு இடமே இல்லை.

2. பயிற்சிப் பரிசு. ஒரு அணியில் சிறந்தவர் யார் என்று தேர்ந்து கொடுப்பது. ‘ஸ்வார்ட் ஆஃப் ஹானர்’ எனப்படும் வீரவாள் இந்த வகை. சென்னை பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியின் அணிவகுப்புச் செய்திகளில் தமிழ் வாசகர்கள் அடிக்கடி பார்ப்பது இதைத்தான்.

3. வீரப் பதக்கம். எதிரியின் முன் செய்த செயலுக்காகக் கிடைப்பது. சாட்சிகள் வேண்டும், மேலதிகாரியின் பரிந்துரை வேண்டும்.

4. தகுதி விருது. நீண்ட சேவை, பதவி, நாட்டுக்கு ஆற்றிய பங்கு ஆகியவற்றைக் கருதி அரசு வழங்குவது. இதில் பெறுபவரின் தரவரிசைக்கும் பெரிய இடம் உண்டு.

லியோனோர் பெற்றது நான்காவது வகை. அதை இரண்டாவது வகை நடக்க வேண்டிய இடத்தில், பயிற்சி முடிவில், அகாடமிச் சீருடையின் மேல் அணிவித்தார்கள். சிக்கல் அங்கேதான் பிறக்கிறது.

பெருஞ்சிலுவையின் விதி

ஸ்பெயினின் ராணுவத் தகுதிச் சிலுவைகளை ஒழுங்குபடுத்துவது 2003இல் வந்த அரச ஆணை. நிறத்தை வைத்து நான்கு பிரிவுகள். சிவப்பு, போர்ச் செயலுக்கு. நீலம், ஐ.நா. போன்ற அமைப்புகளின் வெளிநாட்டுப் பணிகளுக்கு. மஞ்சள், ஆபத்தான பணியில் காயமோ மரணமோ நேர்ந்தால். வெள்ளை, அமைதிக்காலத்தில் ஆற்றிய சிறப்பான பணிக்கு. இளவரசிக்குக் கிடைத்தது வெள்ளை.

நிறம் தவிர, படிநிலை ஒன்றும் உண்டு. ஜெனரல், அட்மிரல் நிலையில் இருப்பவர்களுக்கும் அதற்கு இணையான வரிசையில் உள்ள பிறருக்கும் பெருஞ்சிலுவை. மற்ற அதிகாரிகளுக்கும் வீரர்களுக்கும் சாதாரணச் சிலுவை. அதாவது இந்தப் படிநிலை செயலின் அளவைச் சொல்வதில்லை, ஆளின் தரவரிசையைச் சொல்கிறது. அகாடமியில் முதலிடம் பெற்று வெளியேறும் இளம் லெப்டினன்டுக்கு மரபாகத் தரப்படுவதும் இதே வெள்ளைச் சிலுவைதான், ஆனால் சாதாரணப் படியில்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். வகுப்பறையில் லியோனோர் ‘கேடட் (பயிற்சி மாணவர்) போர்போன் ஒர்டிஸ்’ என்று குடும்பப் பெயரால் அழைக்கப்பட்டார். எல்லோரையும் போலவே நடத்துகிறோம் என்பதற்கு அதுவே அடையாளமாகக் காட்டப்பட்டது. விருது வந்தபோது மட்டும் அவர் கேடட்டாக இல்லை, ‘அஸ்துரியாஸ் இளவரசி’ என்ற பட்டத்து வாரிசாக இருந்தார். கேடட்டாகவே கருதியிருந்தால் விதிப்படி அவருக்குப் பெருஞ்சிலுவை கிடைத்திருக்காது. பெருஞ்சிலுவை அரச ஆணை மூலம் வழங்கப்படுவது. அமைச்சரவை முடிவெடுக்கிறது, ஆணையில் அரசர் கையெழுத்திடுகிறார். இந்த விஷயத்தில் அந்த அரசர் தந்தையும் ஆவார். தனிப்பட்ட முறையில் இதில் யாரும் விதியை மீறவில்லை. ஃபெலிப்பேயும் இளவரசராக இருந்தபோது 1980களில் மூன்று படைகளின் பெருஞ்சிலுவைகளையும் இதே போலப் பெற்றவர்தான்.

பயிற்சியின் அளவும் வேறு. சாதாரண மாணவர் அதிகாரியாக ஐந்து ஆண்டுகள் ஆகும், கூடவே பல்கலைக்கழகப் பட்டமும் முடிக்க வேண்டும். பட்டத்து வாரிசுக்குத் தனித் திட்டம் வகுக்க 2007ஆம் ஆண்டு ராணுவப் பணிச் சட்டம் இடம் தருகிறது. அதன்படி 2023 மார்ச்சில் ஓர் அரச ஆணை வந்தது. மூன்று படைகளில் தலா ஓராண்டு என மூன்று ஆண்டுத் திட்டம். காரணம் புரியக்கூடியதே: ஸ்பெயின் அரசியலமைப்பின் 62ஆவது பிரிவு அரசரை முப்படைகளின் தலைமைத் தளபதியாக வைக்கிறது. எதிர்காலத் தலைவர் மூன்று படைகளையும் உள்ளிருந்து அறிய வேண்டும் என்பது நல்ல நோக்கம். ஆனால் வேறு பாடத்திட்டத்தில் பயிலும் ஒருவரை மற்ற மாணவர்களோடு ஒரே வரிசையில் நிறுத்தி ஒப்பிட முடியாது. ஒப்பீடே இல்லாத இடத்தில் ‘சாதித்தார்’ என்று சொல்வதற்கு அளவுகோல் கிடையாது.

வாளை யார் கொடுக்கிறார்கள்

உண்மையான போட்டிப் பரிசு எப்படி நடக்கிறது என்று பார்க்க பிரிட்டனின் சான்ட்ஹர்ஸ்ட் சிறந்த இடம். உலகின் அரச குடும்பங்கள் பலவும் பிள்ளைகளை அனுப்பும் அகாடமி அது. ஜோர்டானின் அரசர்கள் உசேன், இரண்டாம் அப்துல்லா, ஓமான் சுல்தான் காபூஸ், கத்தாரின் தமீம், புருனேயின் ஹசனல் போல்கியா எல்லோரும் அங்கே பயின்றவர்கள். ஸ்பெயினின் பன்னிரண்டாம் அல்ஃபோன்சோவும் 1874இல் அங்கே மாணவராக இருந்தார்.

முதன்மைப் பயிற்சி 44 வாரங்கள், மூன்று பருவங்கள். முடிவில் வழங்கப்படும் பரிசுகளில் முக்கியமானவை மூன்று.

1. வீரவாள்: பிரிட்டிஷ் கேடட்களில் எல்லா வகையிலும் சிறந்தவர் என்று அகாடமியின் தலைவரான கமாண்டன்ட் கருதுபவருக்கு.
2. அரசர் பதக்கம்: ராணுவம், செய்முறை, கல்வி ஆகியவற்றில் மிக உயர்ந்த மதிப்பெண் பெற்றவருக்கு.
3. வெளிநாட்டு மாணவருக்கான வாள்: பிற நாடுகளிலிருந்து வந்தவர்களில் சிறந்தவருக்கு.

இரண்டாவது பெரும்பாலும் எண்ணால் முடிவாகிறது. முதலாவதும் மூன்றாவதும் மனிதரின் கணிப்பால் முடிவாகின்றன. பிளாட்டூன் என்ற சிறு பிரிவின் தளபதி, பல பிளாட்டூன்கள் சேர்ந்த கம்பெனியின் தளபதி எனப் பல கண்கள் பார்த்து மேலே அனுப்பும் கருத்துகளே அந்தக் கணிப்புக்கு அடிப்படை. டேராடூனில் உள்ள இந்திய ராணுவ அகாடமியிலும் இதே பிரிவு உண்டு: தகுதி வரிசையில் முதலிடத்துக்குத் தங்கப் பதக்கம், அனைத்திலும் சிறந்தவருக்கு வாள்.

அரச வாரிசின் எதிரே நிற்கும் மதிப்பீட்டாளர்

வழக்கமாக இந்த விவாதம் ‘மதிப்பெண்ணைக் கூட்டிப் போட்டுவிடுவார்கள்’ என்ற சந்தேகத்தோடு நின்றுவிடுகிறது. அது உண்மையான சிக்கலில் சிறு பகுதிதான். நேர்மையான மதிப்பீட்டாளர் இருந்தாலும் முடிவு கோணலாக வரக்கூடும். இதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஓட்டத்துக்கு நேரம் இருக்கிறது. துப்பாக்கிச் சுடுதலுக்கு இலக்குப் பலகை இருக்கிறது. எழுத்துத் தேர்வைப் பெயர் மறைத்துத் திருத்தலாம். இவற்றில் இளவரசரின் குடும்பப் பெயர் நுழைய வழி குறைவு.

தலைமைப் பண்பு அப்படி அல்ல. களப் பயிற்சியில் ஒரு கேடட்டைத் தலைவராக்கி, மழையில், தூக்கமில்லாத மூன்றாம் நாளில், இருபது முப்பது பேரை நகர்த்தச் சொல்கிறார்கள். அவர்கள் எவ்வளவு விரைவாகக் கேட்கிறார்கள், எவ்வளவு மனமொப்பிப் பின்தொடர்கிறார்கள் என்பதே தலைவரின் மதிப்பெண். தலைவர் நாளைய அரசர் என்றால்? கீழே இருப்பவர்கள் வேகமாக எழுவார்கள். முணுமுணுப்பு குறையும். வேறொரு கேடட் இருபது நிமிடம் போராடிச் சாதிப்பது இவருக்கு இரண்டு நிமிடத்தில் நடக்கலாம். பக்கத்தில் நின்று குறிப்பெடுக்கும் அதிகாரி கண்ணால் கண்டதையே எழுதுகிறார், பொய் எழுதவில்லை. ஆனால் அவர் கண்ட காட்சியே பிறப்பால் வளைந்தது. சக மாணவர்கள் ஒருவரையொருவர் மதிப்பிடும் முறையிலும் இதே குறை உண்டு.

இதற்கு நேரெதிரான கோணலும் இருக்கிறது, அதைப் பலர் மறக்கிறார்கள். ‘இளவரசருக்குக் கொடுத்தால் ஊர் பேசும்’ என்று அஞ்சி, தகுதியுள்ளவருக்கே வாளை மறுக்கவும் கூடும். பிரிட்டிஷ் இளவரசர்கள் வில்லியமும் ஹாரியும் 2006இல் சான்ட்ஹர்ஸ்டை முடித்தார்கள். வீரவாள் இருவருக்கும் கிடைக்கவில்லை, வேறு மாணவர்களுக்கே போனது. அகாடமியால் மறுக்க முடியும் என்பதற்கு இது சான்று. மறுத்தது எப்போதும் சரி என்பதற்குச் சான்று ஆகாது.

வரலாறு சொல்வது

பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் பதிவுகளில் இந்தக் கேள்விக்கு எல்லா விதமான பதில்களும் கிடைக்கின்றன.

பின்னாளில் ஆறாம் ஜார்ஜ் ஆன இளவரசர் ஆல்பர்ட், ஆஸ்போர்ன் கடற்படைக் கல்லூரியின் இறுதித் தேர்வில் வகுப்பிலேயே கடைசி இடம் பெற்றார். தேர்வுத்தாள் அவர் யார் என்று பார்க்கவில்லை. ஆயினும் அவர் அடுத்த கட்டமான டார்ட்மத் கல்லூரிக்குச் சென்றார். அளவீடு நேர்மையாக இருந்தும் அவருடைய பாதை மாறவில்லை. அதே ஆல்பர்ட் 1916இல் ஜட்லாண்ட் கடற்போரில் ‘காலிங்வுட்’ கப்பலின் பீரங்கிக் கோபுரத்தில் பணியில் இருந்தார். போர் அறிக்கையில் அவர் பெயர் குறிப்பிடப்பட்டது. வகுப்பில் கடைசி என்பதும் போரில் நிலைத்து நின்றார் என்பதும் ஒருவரைப் பற்றிய இரண்டு உண்மைகள்.

அவருடைய அண்ணன் எட்வர்டின் கதை மறுபுறம். முதல் உலகப் போரில் கிரெனடியர் கார்ட்ஸ் படையில் அதிகாரியாகச் சேர்ந்தார், போர்முனைக்குப் போகத் துடித்தார். வாரிசு எதிரியிடம் சிறைப்பட்டால் என்ன ஆகும் என்று அஞ்சிய போர் அமைச்சர் கிச்சனர், முன்வரிசையில் போரிட விடவில்லை. எனினும் 1916இல் அவருக்கு மிலிட்டரி கிராஸ் கிடைத்தது. பதுங்குகுழிகளில் நின்று அதே சிலுவையைப் பெற்ற இளம் அதிகாரிகளின் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது இது மனதை உறுத்துகிறது. போரிட அனுமதிக்காதவருக்குப் போர்ப் பதக்கம் கொடுப்பது அவருக்கும் நன்மை அல்ல.

இளவரசர் எட்வர்ட், இரண்டாம் எலிசபெத்தின் கடைசி மகன், 1987 ஜனவரியில் கடற்படையின் தாக்குதல் பிரிவான ராயல் மரீன்ஸ் பயிற்சியிலிருந்து பாதியில் விலகினார். அந்தப் படையின் கேப்டன் ஜெனரல் என்ற கௌரவத் தலைமை அப்போது அவருடைய தந்தை ஃபிலிப்பிடம் இருந்தது. தந்தையின் பெயர் உச்சியில் இருந்தும் பயிற்சியின் கடுமை மகனுக்காக இளகவில்லை என்றுதான் இதிலிருந்து புரிந்துகொள்ள முடிகிறது. பிறகு அந்தப் படையில் பயிற்சியை முடித்த ஒவ்வொருவரின் பச்சைத் தொப்பிக்கும் இது மதிப்பைக் கூட்டியிருக்கும்.

ஹாரியின் கதையே இந்த விவாதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. 2007இல் ஈராக்குக்கு அனுப்பும் திட்டம் கைவிடப்பட்டது, அவர் இருப்பதே உடன் செல்பவர்களுக்கு ஆபத்து என்று ராணுவத் தலைமை முடிவு செய்தது. அந்த ஆண்டின் இறுதியில் ரகசியமாக ஆப்கானிஸ்தானுக்குச் சென்றார். 2008 பிப்ரவரியில் ஊடகங்களில் செய்தி கசிந்ததும், அங்கே சென்று பத்து வாரங்களே ஆன நிலையில், திரும்ப அழைக்கப்பட்டார். பிறகு அபாச்சி தாக்குதல் ஹெலிகாப்டர் பயிற்சிக்குப் போனார். சுமார் 18 மாதப் பயிற்சியின் முடிவில், 2012 பிப்ரவரியில், தன் அணியின் சிறந்த துணை விமானி – சுடுநர் என்ற பரிசைப் பெற்றார். அதே ஆண்டு மீண்டும் ஆப்கானிஸ்தான் சென்றார்.

அபாச்சியில் சுடுவது கேமராவில் பதிவாகிறது, திரும்பப் போட்டுப் பார்த்து விவாதிக்கலாம். இலக்கு அரசியின் பேரனுக்காக விலகி நிற்பதில்லை. தவறான சுடுநரை முன்னிருக்கையில் வைத்தால் தரையில் இருக்கும் சொந்தப் படையினர் சாவார்கள் என்பது பயிற்றுநர்களுக்குத் தெரியும். சலுகை காட்டினால் அதன் விலை உடனே, உயிராகக் கொடுக்க வேண்டிய துறை அது. அரச குடும்பத்துப் பரிசுகளில் நம்பத் தக்கது என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் இதையே காட்டுவேன்.

வெளிநாட்டு மாணவருக்கான பரிசில் வேறொரு முடிச்சு. 1999 டிசம்பரில் ஜோர்டானின் ஹம்சா சான்ட்ஹர்ஸ்டில் அப்படி ஒரு பரிசைப் பெற்றார். அப்போது அவர் தன் நாட்டின் பட்டத்து இளவரசர். பிரிட்டிஷ் கமாண்டன்ட் ஜோர்டான் அரசருக்குக் கட்டுப்பட்டவர் அல்ல, பதவி உயர்வுக்கு அந்நாட்டை எதிர்பார்ப்பவரும் அல்ல. அந்த அளவில் சொந்த நாட்டு அகாடமியைவிட இது மேலான ஏற்பாடு. ஆனால் இரு நாடுகளின் ராஜதந்திர உறவு அறைக்கு வெளியே காத்திருக்கிறது. ஹம்சா தகுதியில்லாமல் பெற்றார் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. நல்ல மாணவராகவே இருந்திருப்பார். தகுதியோடு பெற்றாலும் அதை நிரூபிக்க அவரிடம் வழியில்லை என்பதுதான் அவருக்கு நேரும் அநீதி.

எப்போது நியாயம்: மூன்று கேள்விகள்

மேலே கண்டவற்றை வைத்து, அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வரும்போது கேட்க வேண்டியவை:

1. அதே பாதையில் நடந்த வேறொருவருக்கும் அந்த விருது கிடைத்திருக்க முடியுமா?
2. ‘இல்லை’ என்று சொல்லும் அதிகாரமும் துணிவும் முடிவெடுத்தவருக்கு இருந்ததா? அவருடைய பதவியோ எதிர்காலமோ அந்தக் குடும்பத்தின் கையில் இருக்கிறதா?
3. மதிப்பிடப்பட்டது, பெயர் தெரியாமலும் அளக்கக்கூடிய ஒன்றா?

ஹாரியின் பரிசு முதல் கேள்வியில் தேறுகிறது, மூன்றாவதில் பெரும்பாலும் தேறுகிறது. இரண்டாவதில் முழு நிச்சயம் இல்லை, அவர் பாட்டியே நாட்டின் அரசி. ஹம்சாவின் பரிசு முதல் கேள்வியில் தேறுகிறது, இரண்டாவதில் பாதி, மூன்றாவதில் தடுமாறுகிறது. லியோனோரின் பெருஞ்சிலுவை மூன்றிலும் தேறவில்லை. உடன் பயின்ற நூற்றுக்கணக்கானோரில் ஒருவர்கூட, எவ்வளவு உழைத்திருந்தாலும், அதைப் பெற்றிருக்க முடியாது. முதல் கேள்வியிலேயே வழக்கு முடிந்துவிடுகிறது.

இது அந்தப் பெண்ணின் மீதான குற்றச்சாட்டு அல்ல. ஸ்பெயின் அரச இல்லத்தின் தரப்பிலும் நியாயம் உண்டு. பட்டத்து வாரிசு மரியாதை வரிசையில் ஜெனரல்களுக்கு மேலே நிற்பவர். அவர் அரசு நிகழ்ச்சிகளில் சீருடையில் தோன்ற வேண்டும். ஆகவே அவருடைய இடத்துக்கு ஏற்ற சின்னம் தேவை என்கிறார்கள். ஏற்கலாம். அப்படியானால் அது பதவிச் சின்னம் என்றே வழங்கப்பட வேண்டும், ‘தகுதி’ என்ற பெயரில் அல்ல.

இழப்பு யாருக்கு

முதல் இழப்பு முதலிடம் பெற்ற மாணவருக்கு. ஐந்து ஆண்டுகள் படித்துச் சாதாரணச் சிலுவை பெறும் அவர், ஓராண்டு பயின்றவருக்கு உயர்ந்த படி கிடைப்பதைப் பார்க்கிறார். ராணுவத்தில் இது சிறு விஷயம் அல்ல. யார் எதற்காக எதை அணிகிறார்கள் என்பதைப் படித்தே வீரர்கள் ஒருவரையொருவர் எடைபோடுகிறார்கள்.

அடுத்த இழப்பு இளவரசிக்கு. அதிகாலையில் எழுந்து, சுமை தூக்கி நடந்து, ‘ஹுவான் செபாஸ்தியன் தே எல்கானோ’ பாய்மரக் கப்பலில் 2025இல் அட்லாண்டிக்கைக் கடந்தவர் அவர். அந்த உழைப்பு உண்மையானது. அதைக் காட்டும் எளிய சின்னம் ஒன்று மட்டும் அவர் மார்பில் இருந்திருந்தால் பார்ப்பவர் நம்பியிருப்பார்கள். அதன் மேல் பெருஞ்சிலுவையை வைத்ததும் உண்மையாக உழைத்துப் பெற்றதும் சந்தேகத்துக்குள் போகிறது.

மாற்று வழிகள் உண்டா

நார்வே ஒன்றைக் காட்டுகிறது. அந்நாட்டின் வருங்கால அரசி இங்கிரிட் அலெக்சாண்ட்ரா, 2024 ஜனவரியிலிருந்து 15 மாதங்கள், கட்டாய ராணுவ சேவையில் சாதாரண வீரராக, கவச வாகனத்தில் சுடுநராகப் பணியாற்றினார். நார்வேயில் அந்தச் சேவை ஆண், பெண் இருபாலருக்கும் பொது. அவர் செய்ததை ஆயிரக்கணக்கான இளைஞர்கள் செய்கிறார்கள், ஆகவே அதை ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது.

அதிகாரிப் பயிற்சியே வேண்டும் என்றால் செய்யக்கூடியவை இவை. கணிப்பால் தரப்படும் பரிசுகளுக்கு அரச வாரிசைப் போட்டிக்கு வெளியே வைக்கலாம், அதைப் பயிற்சி தொடங்கும் முன்பே அறிவிக்கலாம். எண்ணால் அளக்கப்படும் தேர்வுகளில் மற்றவர்களோடு சேர்த்து அவருடைய வரிசை எண்ணையும் வெளியிடலாம், அது கடைசி எண்ணாக இருந்தாலும் சரி. பணிப் பதக்கங்களை எல்லோரையும் போலவே கொடுக்கலாம். பெருஞ்சிலுவை? லியோனோர் அரசியாகும் நாளில் முப்படைத் தலைமை அரசியலமைப்பின்படி தானாக அவரிடம் வந்து சேரும். அந்தப் பதவிக்குரிய சின்னத்தை அந்த நாள்வரை தள்ளிவைக்க விதியில் தடை எதுவும் இல்லை. சான் ஹாவியரிலும் பயிற்சி முடியும்போது மூன்றாவது பெருஞ்சிலுவை பற்றிய கேள்வி எழும். அதை வழங்குவதா வேண்டாமா என்பது அமைச்சரவையின் முடிவு.